இரண்டு பஞ்சாங்கத்துக்கு நடுவில் ஒரு வீடு

ஓசூரில் நான் வீடு தேடி அலைந்த அந்த ஆனி மாதத்தில் என்னை எல்லோரும் 'பினாங்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். லாரி புக்கிங் ஆபீசில் எனக்கு ரைட்டர் வேலை. உருளைக்கிழங்கு, புளி, மாம்பழக் கூடை எது ஏறினாலும் இறங்கினாலும் சீட்டு எழுத வேண்டும். படுக்கை ஆபீசின் பின்னறையில், மூட்டைகளுக்கு நடுவே. ஆறு வருடம் கடல் தாண்டிப் பிழைத்துவிட்டு வந்தவன் சாக்கு நாற்றத்தில் பாய் விரித்துப் படுப்பதில் அங்கே இருந்தவர்களுக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

என் மனைவி அப்போது ஊத்தங்கரைப் பக்கத்தில் தன் அப்பா வீட்டில் இருந்தாள். மாசியில் எங்களுக்குப் பெண் பிறந்தது. ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனியோடு ஐந்து முடிகிறது. அடுத்தது ஆடி. ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள், பெண்ணையும் அனுப்ப மாட்டார்கள். மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வீடுன்னு ஒண்ணு பாத்துட்டு வாங்க மாப்ள, கையோட அனுப்பறேன். மூட்டைக்கு நடுவுல பச்சக் கொழந்தையப் போட முடியாது. ஆனி தாண்டிச்சின்னா ஆவணிதான்."

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் என் பெற்றோரின் குடிசை இருந்தது. கல்யாணமான முதல் வருடம் அவள் அங்கேதான் இருந்தாள். என் அம்மாவோடு களை எடுக்கப் போவாள். நான் மாதம் ஒருமுறை விருந்தாளி மாதிரி பஸ்ஸில் போய் இறங்குவேன். பிரசவத்துக்குப் புறப்பட்ட அன்று அவள் சொன்னாள்: "இங்க நான் ஒங்களுக்குப் பொண்டாட்டி இல்ல. ஒங்க அம்மாவுக்குக் கூலித் தொணை." திரும்பி வரும்போது ஓசூரில் நம் வீட்டுக்குத்தான் வருவாய் என்று வாக்குக் கொடுத்தேன். குழந்தையை நான் அதுவரை பார்த்தது இரண்டே முறை. இரண்டாம் முறை என்னைப் பார்த்து வீறிட்டு அழுதது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பினாங்கில் வீடு பிடித்தவனுக்கு ஓசூரில் வீடு பிடிப்பது ஒரு காரியமா என்று நினைத்திருந்தேன்.

பினாங்கில் கப்பல் இறங்கியதும் நான் முதலில் போனது ஒரு தமிழர் வீட்டுக்கு. நம் ஜில்லாக்காரர் என்று யாரோ சொல்லி அனுப்பினார்கள். அவர் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். எந்த ஊர் என்றார், சொன்னேன். அந்த ஊர் எனக்குத் தெரியுமே என்று மகிழ்ந்துபோய், "ஊர்ல எந்தத் தெரு?" என்றார். எங்கள் தெரு ஊருக்குக் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் தனியாக இருப்பது. அதையும் சொன்னேன். நான் காப்பியைக் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தார். பிறகு, அறை எதுவும் காலியில்லை என்றார்.

அதற்கப்புறம்தான் ஒரு சீனத்தியின் மாடியில் அறை கிடைத்தது. அவள் சந்தை மலாயில் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை ஆள்? ஒருத்தன் என்று விரலைக் காட்டினேன். சாவியைக் கொடுத்துவிட்டாள். அறை என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். பெரிய கூடத்தைப் பலகையால் ஏழாகத் தடுத்திருந்தார்கள். பலகை கூரை வரை போகாது. இந்தப் பக்கம் நான் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கத்துக் கிழவன் இருமுவான். மூட்டைப்பூச்சியைப் பற்றி எழுதினால் தனியாக ஒரு அத்தியாயம் வேண்டும். கீழே ஒரே குழாய். சீனன், தமிழன், மலாய்க்காரன் எல்லோரும் குவளையோடு வரிசையில் நிற்போம். அங்கே எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு முறை நாலு நாள் காய்ச்சலில் கிடந்தேன். நான் யார் என்று கேட்காத வீட்டில், நான் எங்கே என்றும் யாரும் கேட்கவில்லை.

ஓசூரில் நான் செய்த முதல் முட்டாள்தனம், வீடு கேட்டு விண்ணப்பம் எழுதியது. எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்தவன் நான் ஒருவன்தான். கிருஷ்ணகிரியில் ஹைஸ்கூல் முடித்தவன். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் எந்தக் காரியமும் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அந்தப் படிப்போடு வந்தது. ஒரு முழுத் தாளில், "மகாராஜராஜஸ்ரீ வீட்டு எஜமானர் அவர்கள் சமூகத்துக்கு" என்று தொடங்கி, நான் சம்பளக்காரன், குடிப்பழக்கம் இல்லாதவன், மனைவியும் ஒரு குழந்தையும் உடையவன் என்று வரிசையாக எழுதினேன். அதை எங்கள் ஆபீஸ் லாரி டிரைவர் வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் படிப்பதுபோல் பாவனை செய்தார். அவர் ஜூஜுவாடிக்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் வாயாடுவார். மூன்றிலும் கையெழுத்துப் போடத் தெரியாது.

"பினாங்கு, இத எடுத்துக்கினு எங்க போற?"

"கடைத்தெருவுல ஒரு செட்டியார் வீடு காலியா இருக்காம்ணா."

"அவங்க வீட்ல தெலுங்கு பேசறாங்க. நீ போயி வாசல்ல நின்னுக்கினு வீடு வீடுன்னு கத்தாத. தெலுங்குல வீடுன்னா 'இவன்'னு அர்த்தம். 'இவன் வேணும், இவன் வேணும்'னு ஒருத்தன் நிக்கறான், யாரப் புடிக்க வந்தான்னு தெரியலியேன்னு கதவ சாத்திக்கப் போறாங்க."

"அப்ப என்ன கேக்கணும்?"

"இல்லுன்னு கேளு. தெலுங்குல வீட்டுக்கு இல்லுன்னு பேரு. நீ இல்லுன்னு கேப்ப, அவரு இல்லன்னு சொல்லுவாரு. வேல சுளுவா முடிஞ்சிடும்."

லோடு ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அப்படியேதான் நடந்தது.

செட்டியார் மரியாதையாகத்தான் பேசினார். விண்ணப்பத்தைப் படித்தார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார். பிறகு ஊர்ப் பெயர் எழுதிய வரியில் விரலை வைத்துக்கொண்டு, "நீங்க என்ன ஆளுங்க தம்பி?" என்றார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பொருள்தான். ரைட்டர் ஆளு என்று பதில் சொல்ல முடியாது. உள்ளதைச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. காகிதத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வீடு குடுக்கறதுக்கென்ன, குடுக்கலாம். ஆனா ஆஷாட மாசம் பொறந்துடுச்சே. ஆஷாடத்துல குடி வைக்க மாட்டோம்."

ஆஷாடம் என்றால் ஆடி என்று எனக்குத் தெரியும். அன்று ஆனி ஏழாம் தேதி. "ஆடி பொறக்க இன்னும் மூணு வாரத்துக்கு மேல இருக்குங்களே" என்றேன். "ஒங்களுக்கு இருக்கு" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒன்பதாம் நாள், அதே வீட்டு வாசலில் இரண்டு மாட்டு வண்டி நின்றது. கட்டில், அண்டா, ஆட்டுக்கல் எல்லாம் இறங்கின. தாலுகா ஆபீசுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு குமாஸ்தா குடும்பமாம். செட்டியார் தானே முன்னால் நின்று, கட்டில் கால் சுவரில் இடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர்ப்பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கட்டிலின் அடுத்த காலைப் பார்க்கத் தொடங்கினார்.

இதற்குள் ஆறேழு இடம் பார்த்தாகிவிட்டது. ஒருவர் குழந்தை என்றால் வேண்டாம் என்றார். ஒருவர் கப்பல்காரன் என்றால் கையில் நிறைய இருக்குமே என்று ஒரு தொகையைச் சொல்லி, நான் திரும்பி நடந்ததும் பின்னாலிருந்து, "பினாங்குன்னாங்க, பிச்சக்காரனா இருக்கான்" என்றார். மற்றவர்கள் பேச்சை ஊரில் தொடங்கித் தெருவில் முடித்தார்கள். யாரும் திட்டவில்லை, விரட்டவில்லை. மாடு கட்டப் போகிறோம் என்றார்கள், மச்சான் வரப்போகிறான் என்றார்கள், கூரை ஒழுகுகிறது என்றார்கள். முகத்துக்கு நேரே, உனக்குத் தர மாட்டேன் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் எனக்குச் சண்டை போடவாவது ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

ஆனி இருபது வாக்கில் டிரைவர் ஓர் இடம் சொன்னார். ஏரிக்குப் போகிற வழியில் ஜட்கா வண்டி ஓட்டுகிறவர் ஒருவரின் வீடு. பின்கட்டில் ஓர் அறையும் அடுப்படியும் தனியாக இருந்தன. பலகை போன்ற கல் சப்பைகளை நட்ட சுவர், மேலே நாட்டு ஓடு. நான் போனபோது வண்டிக்காரர் இல்லை. அவர் மனைவி தரையில் உட்கார்ந்து பட்டுப்புழுவுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். என்னோடு தமிழில் பேசினார்.

"எத்தினி பேரு அப்பா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை ஆள்! ஓசூரில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனுஷி. மூன்று பேர், அதில் ஒன்று கைக்குழந்தை என்றேன்.

"அழுவுமா?"

"அழுவும்மா." பொய் சொல்ல வரவில்லை.

"அழட்டும். எங்க வீட்ல புழு இலை தின்ற சத்தம் மட்டும் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் புடிச்சிப்போச்சி."

எழுந்து போய்ப் பின்கட்டைத் திறந்து காட்டினார். சின்ன இடம்தான். ஜன்னலிலிருந்து கிணறு தெரிந்தது. அடுப்படியில் புகை போக ஓட்டில் ஒரு ஓட்டை. நான் மனசுக்குள் தூளி கட்டும் இடத்தைக்கூடப் பார்த்துவிட்டேன். அவர் முன்பக்கம் வந்து மறுபடி இலை நறுக்க உட்கார்ந்தார்.

"எனக்குப் புடிச்சிருக்கும்மா. நாளைக்கே கூட்டிக்கினு வந்துடறேன்."

"நாளைக்கா? அய்யோ, இப்ப எப்படி? ஆஷாட நடக்குதே. முடியட்டும் அப்பா, அப்புறம் வா."

அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கட்டிலின் கால் ஞாபகம் வந்தது. செட்டியாரின் முதுகு ஞாபகம் வந்தது. பினாங்கில் குடித்து முடித்த அந்தக் காப்பிகூட ஞாபகம் வந்தது. இவரும் தெரிந்துகொண்டுதான் பேசுகிறார், டிரைவர் சொல்லியிருப்பார், இத்தனை நேரம் என்னை வைத்து விளையாடியிருக்கிறார் என்று தோன்றியது.

"ஆஷாடமும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று கத்தினேன். "நாங்க என்ன ஆளுன்னு தெரிஞ்சிக்கணும், அவ்வளவுதானம்மா? நேரா கேட்டுட்டு நேரா இல்லன்னு சொல்லிடுங்க. பஞ்சாங்கத்த ஏன் இழுக்கறீங்க?"

அவர் கையிலிருந்த கத்தி நின்றது.

"நான் அதக் கேக்கலியே அப்பா" என்றார்.

கேட்கவில்லைதான். எனக்கும் அது அப்போதுதான் உறைத்தது.  அவர் நிமிர்ந்து, கோபமே இல்லாத குரலில், "சரி. நீயே எடுத்ததால கேக்கறேன். என்ன ஆளு?" என்றார்.

சொன்னேன். சொல்லாமல் எப்படி வருவது?

"அவரு வரட்டும். ஒரு வார்த்த கேக்கணும்" என்று மறுபடி நறுக்க ஆரம்பித்தார். நான் கேட்க வைத்திராவிட்டால் அந்த அம்மாளுக்கு யாரையும் எதையும் கேட்க வேண்டியிருந்திருக்காது.

ஆபீசுக்கு வந்து டிரைவரிடம் கொதித்தேன். அவர் லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"மடையா, ஆஷாடம் நெசமாத்தான் நடக்குது. அவங்களுக்கு அமாவாச போயி மறுநா மாசம் பொறக்கும். நமக்கு சூரியனப் பாத்துப் பொறக்கும். இந்த வருசம் ஆனி ஆறுலயே அமாவாச வந்துடுச்சா? ஏழாந்தேதியே அவங்களுக்கு ஆஷாடம்."

"அப்ப செட்டியாரு? அவரும் ஆஷாடம்னாரு. ஒம்போதாம் நாளு குமாஸ்தாவக் குடி வெச்சாரு."

"அவரு சொன்னதும் ஆஷாடம்தான், இந்தம்மா சொன்னதும் ஆஷாடம்தான். அவரு சாக்குக்குச் சொன்னாரு, இவங்க நம்பிச் சொன்னாங்க. நீ பள்ளிக்கூடம் போனவன், ஒனக்கே வித்தியாசம் தெரியலன்னா நான் என்னா பண்றது?"

எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. பினாங்கில் அந்தச் சீனத்தி ஒரு தடவை, ஜன்னல் வைத்த முன்னறை காலியானபோது, அவர்களுடைய ஏழாம் மாதம், பேய்கள் உலாவும் காலம், அறை மாறக் கூடாது என்று ஒரு மாதம் என்னைக் காக்க வைத்தாள். நான் சிரித்துக்கொண்டே காத்திருந்தேன். அவள் மாதத்தை நான் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. இங்கே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வாழ்கிறவர்களின் மாதம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நம்பியிருப்பேனா என்பதும் சந்தேகம். பொய்க்கும் நிஜத்துக்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு ஊர் பேசினால், கேட்கிறவன் எதை வைத்துத் தரம் பிரிப்பான்?

ஆனி முடிந்தது. அவர்களுடைய ஆஷாடம் முடிந்தால் வீடு கிடைக்கலாம் என்று மாமனாருக்குக் கார்டு எழுதினேன். பதில் வரவில்லை.

ஆடி நாலாம் தேதி, சாரலில் நனைந்துகொண்டு வண்டிக்காரரே ஆபீசுக்கு வந்தார். ஆஷாடம் முடிந்து அவர்களுக்கு அன்றுதான் சிராவணம் பிறந்திருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல், நான் எழுதிக்கொண்டிருந்த சீட்டைப் பார்த்துப் பேசினார்.

"வீடு தர்றோம். வாடக இருக்கட்டும், பாத்துக்கலாம். ஒண்ணே ஒண்ணு. கெணத்துல நீங்க கயிறு போட வேணாம். எங்க வீட்ல எறச்சி ஊத்துவாங்க. எத்தினி கொடம் வேணுமோ ஊத்துவாங்க. நாலு பேரு பாக்கற எடம், புரிஞ்சிக்கோ."

புரிந்தது. கொடுக்கவும் செய்தார், எடுத்துக்கொள்ளவும் செய்தார். உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது. ஐந்து மாதக் குழந்தை ஆறு மாதக் குழந்தையாகிவிட்டது. ஊத்தங்கரைக்குப் போய்க் கேட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அவர் அதற்குத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மாமனார் வீட்டில் நான் வாயைத் திறக்குமுன்பே அவர் ஆரம்பித்தார். "ஆடியில அனுப்பச் சொல்லி வந்தீங்களா? அவங்களுக்கு எந்த மாசம் முடிஞ்சா எனக்கென்ன மாப்ள? நமக்கு ஆடிதான். ஆடியில பொண்ண அனுப்பிச்சான்னு என்னத்தான் காறித் துப்புவாங்க." ஆனி முழுக்க அவர்கள் பஞ்சாங்கம் குறுக்கே நின்றது. ஆடி முழுக்க எங்கள் பஞ்சாங்கம். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால், ஓசூரில் வேலை பார்க்கிற ஊத்தங்கரை மாப்பிள்ளைக்கு வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம் குடித்தனமே கிடையாது.

மாமனார் வெளியே போன பிறகு என் மனைவியிடம் கிணற்றுச் சங்கதியைச் சொன்னேன். அவள் அழுவாள் அல்லது என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். குழந்தைக்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "அவங்களே எறச்சி ஊத்துவாங்களா?" என்றாள்.

"ஆமா."

"எத்தன கொடம் கேட்டாலுமா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"கொழந்தத் துணிக்கும்?"

"அது... எல்லாத்துக்கும்தான்."

"இவ ஒரு நாளைக்கு எத்தன துணி நனைக்கறான்னு கேட்டாங்களா?"

"இல்ல."

"பாவம், தெரியாம வாயக் குடுத்துட்டாரு" என்று சிரித்தாள். "வீட்டச் சொல்லி வையுங்க. ஆவணில வர்றோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானம் என்று நான் ஒரு மாதமாகச் சுமந்து திரிந்ததை அவள் துவைக்கிற துணியாக்கிவிட்டாளே என்று கோபம்கூட வந்தது. அதோடுதான் பஸ் ஏறினேன்.

ஆவணி முதல் வாரத்தில் வந்தார்கள். குடத்தை இறக்கி வைத்த நாள் முதல் அவள் சொல்லிச் சிரித்ததைச் செய்தாள். காலையில் குளிக்க, குழந்தையைக் குளிப்பாட்ட, துணி அலச, அரிசி களைய, மறுபடி துணி அலச. ஒவ்வொரு தடவையும் கிணற்றுப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று, மரியாதையாக, "அக்கா, ஒரு கொடம்" என்பாள். அந்த அம்மாள் இலைக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவார். புழு பசியோடு கிடக்கும். நான் ஆபீஸிலிருந்து திரும்பி வரும்போது, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கு அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. நான் இறைக்கட்டுமா என்று கேட்கவும் முடியாது.

ஆறாம் நாள் சாயங்காலம் வந்தபோது கிணற்றடியில் என் மனைவி இறைத்துக்கொண்டிருந்தாள். கயிறு அவள் கையில் ஓடியது. அந்த அம்மாள் உள்ளே இலை நறுக்கிக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

நான் கிட்டே போய் மெதுவாக, "எறச்சிக்கச் சொன்னாங்களா?" என்றேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. வாளிய கெணத்து மேல வெச்சிட்டு உள்ள போயிட்டாங்க. ரெண்டு வாட்டி அக்கான்னு கூப்புட்டேன். காதுல விழாத மாதிரி இருந்தாங்க."

எனக்கு ஆறவில்லை. இறைத்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? வேண்டாம் என்பதை மட்டும் சாரலில் நனைந்து வந்து சொல்லத் தெரிகிறது. சரி என்பதை வாளியைக் கொண்டு சொல்கிறார்களே. நாளை அவர்கள் சொந்தக்காரர் யாராவது வந்து நின்றால் இந்த வாளி எங்கே இருக்கும்? "நான் போயி நேரா கேட்டுடறேன்" என்று முன்கட்டுப் பக்கம் திரும்பினேன்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வழியை மறித்தாள்.

"கேக்காதீங்க" என்றாள். "கேட்டா அவங்க பதில் சொல்லித்தான் ஆவணும்."